ரெண்டு நெசம், ஒரு பொய்

இப்படித் தள்ளி உக்காருங்கக்கா, அந்தப் பக்கத்துக் காலு ஆடுது, பெஞ்சு சாஞ்சுரும். காலையில நானே ஒருக்கா விழப் பாத்தேன். உங்கள எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க? பத்தரைக்கா? எனக்கும் பத்தரைதான். இதுவரைக்கும் நாலு பேரு உள்ள போயிட்டு வந்துட்டாங்க. கூப்பிடற அம்மா வந்து தமயந்தின்னு சொன்னா எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க. இன்னிக்குக் காது அடைச்ச மாதிரியே இருக்குது. பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காத்தாலயிருந்து ஒண்ணும் சாப்பிடல, அதனால இருக்கும்.

மெதுவாப் பேசிக்கலாங்கக்கா. அந்தக் கடைசியில, தண்ணி டிரம்முக்குப் பக்கத்துல, நீலச் சட்டை போட்டுட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க. இப்பப் பாக்காதீங்க. அப்பறமாப் பாருங்க. அவரு மதிவாணன் சாரு. நானு வேலைக்குப் போன பனியன் கம்பெனியில ஹெச்.ஆர். பக்கத்துல கருப்புக் கோட்டு போட்டிருக்கறது அவிய வக்கீலு. வந்ததும் என்னயப் பாத்துச் சிரிச்சாரு. "சாப்டீங்களா மேடம்"னு கேட்டாரு. நல்ல மனுசருங்க, மரியாதை தெரிஞ்சவரு. அவரு சிரிச்சதுல இருந்துதான் எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. தொட்டுப் பாருங்க.

நானு அங்க தச்சதெல்லாம் இல்லீங்க. இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தேன். இங்க துணி வாங்கற வெளிநாட்டுக்காரவிய ஒரு சட்டம் போட்டுட்டாங்களாம். செக்கிங்ல நிக்கற பொண்ணுகளே ரிப்போர்ட்ட இங்கிலீஷ்ல எழுதோணும், ஓட்டை எங்க, கறை எங்க, தையல் விட்டது எங்கன்னு அவிய கையாலயே எழுதோணும்னு. அதுக்கு மூணு மாசம் கிளாசு. சனிக்கெழமை மத்தியானம் மூணு மணிக்கு, கேன்டீன்ல. எங்க வூட்டுக்காரரு அந்தக் கம்பெனிக்கு லேபிள் அடிக்கறாரு. சட்டைக்கு உள்பக்கம், எப்படித் தொவைக்கோணும்னு சின்னதா ஒரு துணி வெச்சுத் தச்சிருப்பாங்களே, அதுதான். ரெண்டு மிசினு ஓடுது. முக்காவாசி ஆர்டர் அவியளுதுதான். அந்தப் பழக்கத்துல மதிவாணன் சாரு கேட்டாரு, "உங்க வூட்டம்மா பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவங்கதான, வரச் சொல்லுங்க"ன்னு. அப்படித்தான் போனேன்.

மொத நாளு இருபத்திரெண்டு பேரு வந்து உக்காந்தாங்க. எல்லாம் சின்னச் சின்னப் பொண்ணுக இல்ல, புள்ள பெத்தவிய. தேனி, திண்டுக்கல்லு, சங்கரன்கோவிலு, எங்கெங்கயோ இருந்து பொழைக்க வந்தவிய. ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்து, உங்களப் பத்தி அஞ்சு வரி எழுதுங்கன்னேன். அரை மணி நேரம் ஆச்சு. இருபத்தோரு பேப்பரு வெள்ளையாவே திரும்பி வந்துச்சுங்க. ஒருத்தி மட்டும் மேல "டியர் சார்"னு எழுதி, கீழ "சாரி சார்"னு எழுதியிருந்தா. நடுவுல ஒண்ணுமில்ல.

ஏன் சாமி எழுதலன்னு கேட்டேன். ரெஜினான்னு ஒரு பொண்ணு, வாய்த்துடுக்கு, திண்டுக்கல்லுக்காரி. அவதான் சொன்னா: "மேடம், இங்க எங்கள எழுதிக் குடுன்னு சொன்னா ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுக்கணும். இல்லாட்டி வேலைய விட்டு நின்னுக்கறேன்னு எழுதிக் குடுக்கணும். நீங்க எதுக்கு எழுதச் சொல்றீங்கன்னு தெரியல, அதான் யாரும் பேனாவத் தொடல."

அன்னிக்கு வூட்டுக்கு வந்து யோசிச்சேன். பேனாவப் பாத்துப் பயப்படறவியள எப்படி எழுத வைக்கறது? சிரிக்க வெச்சாத்தான் எழுதுவாங்கன்னு தோணுச்சு. எங்க வூட்டுக்காரரு மிசினுக்கடியில வீணாப் போன லேபிள் மூட்டையாக் கெடக்கும், பின்பக்கம் வெறுசா. அதுல ஒவ்வொண்ணுலயும் ஒரு எழுத்து எழுதினேன். ஏ, பி, சி, டி. ஒரு பை நெறைய. அடுத்த சனிக்கெழமை மேசை மேல கொட்டி, யாரு பெரிய வார்த்தை கோக்கறாங்கன்னு பாக்கலாம்னேன். அவ்வளவுதானுங்க. அடிச்சுக்காத குறை. அப்பறம், ஒரு வார்த்தை எந்த எழுத்துல முடியுதோ அந்த எழுத்துல அடுத்தவ ஆரம்பிக்கோணும். அப்பறம் ஆளுக்கொரு சொல்லுன்னு ஒண்ணு: ஒரே பேப்பர் சுத்தி வரும், ஒவ்வொருத்தியும் ஒரே ஒரு சொல்லு எழுதி அடுத்தவளுக்குத் தள்ளோணும். கடைசியில படிச்சா, மேனேஜர் பாத்ரூம்ல நீலச் சட்டையைத் திங்கறாருன்னு வரும். வயித்தப் புடிச்சுட்டுச் சிரிப்பாங்க. ஆனா பாத்தீங்கன்னா, எழுதிட்டு இருந்தாங்க. அவியளுக்கே தெரியாம எழுதிட்டு இருந்தாங்க. பெருமைக்குச் சொல்லலீங்க. எனக்கு அது வரும். அதெல்லாம் ஒரு கலை.

யாரையோ கூப்பிடறாங்க பாருங்க. என் பேரா? இல்லீங்களா? சரி. சரி.

அப்பறந்தான் இந்த வெளையாட்டு. ரெண்டு நெசம், ஒரு பொய். ஆளுக்கொரு சீட்டு. உங்களப் பத்தி மூணு வரி, பேரு போடாம. ரெண்டு நெசமா இருக்கோணும், ஒண்ணு பொய்யா இருக்கோணும். எல்லாத்தையும் டப்பாவுல போட்டுக் குலுக்கி, நானு ஒண்ணொண்ணா எடுத்துப் படிப்பேன். எது பொய்யின்னும், யாரு எழுதினதுன்னும் மத்தவிய கண்டுபுடிக்கோணும். நாலாவதோ அஞ்சாவதோ ஒரு சீட்டு எடுத்தேன். பென்சில்ல எழுதினது. சத்தமாப் படிச்சேன். "மை நேட்டிவ் சங்கரன்கோவில். ஐ ஈட் ஃபைவ் பரோட்டா. தேர்டு ஃப்ளோர் பேக் டோர் லாக் ஆல்வேஸ்."

சொல்லுங்க, எது பொய்யி? எல்லாரும் "பரோட்டா, பரோட்டா"ன்னு கத்தறாங்க. ரெஜினா எந்திரிச்சு, "மேடம், சந்தனமாரி ஏழு திம்பா. அஞ்சுங்கறதுதான் பொய்யி"ங்கறா. கேன்டீனே அதிருது. நானும் சிரிச்சேன். அப்ப மூணாவது நெசமான்னு கேட்டேன். அதைக் கேட்டதுந்தான் சிரிப்பு நின்னுச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டாங்க.

அப்ப நானு என்ன பண்ணினேன் தெரியுங்களாக்கா? எந்திரிச்சுப் போயி போர்டுல திருத்தினேன். லாக் இல்லம்மா, லாக்டு. ஆல்வேஸ் கடைசியில வரக் கூடாது, நடுவுல வரோணும். எழுதிப் போட்டு, எங்க எல்லாரும் சேந்து சொல்லுங்கன்னேன். "தி பேக் டோர் இஸ் ஆல்வேஸ் லாக்டு." இன்னொருக்கா சொல்லுங்க. இன்னொருக்கா. மூணாவது வாட்டி சொல்லறப்ப அவிய குரலே வேற மாதிரி இருந்துச்சு. யாரு மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல. ஆனா அத்தனை பேரும் சேந்து, ஒரு தப்பில்லாம, கணீர்னு ஒரு முழு வாக்கியம் சொன்னது அன்னிக்குத்தான். எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு ஒரு சூப்பர்வைசர் கேன்டீன் வாசல்ல வந்து நின்னு கேட்டத நானு பாக்கல.

கிளாசு முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. அந்தச் சீட்டு எழுதின பொண்ணு மட்டும் போகல. லேபிளெல்லாம் பொறுக்கிப் பையில போடற மாதிரி நின்னுட்டு இருந்தா. "மேடம், நான் அத இங்கிலீசுக்காவ எழுதல"ன்னா.

"பின்ன எதுக்கு எழுதின?"

"நெசமாவே பூட்டித்தான் கெடக்கு மேடம். ஆனி மாசத்துல அயர்ன் டேபிள்ல வயரு தீஞ்சிட்டு. பொகைன்னா பொகை, பக்கத்துல நிக்கவளத் தெரியல. முன்வாசப் படி பக்கந்தான் தீஞ்சது. அம்பது அறுவது பேரு பின்பக்கம் ஓடுனோம். கதவு தொறக்கல. முன்னால நின்னவ மேல பின்னால உள்ளவ ஏற, அவ மேல இன்னொருத்தி ஏற... நான் கதவோட கதவா ஒட்டிக் கெடந்தேன் மேடம். மூச்சு விட முடியல. யாரோ மெயினை அமத்தி, சன்னல் கண்ணாடிய ஒடச்சு, பொகை போச்சு. ஒருத்திக்குக் கை முறிஞ்சிட்டு. அவ்வளவுதான்னு முடிச்சிட்டாவ."

"ஏம்மா பூட்டி வெக்கறாங்க?"

"பின்வழியாத் துணி திருட்டுப் போவுதாம்."

"சூப்பர்வைசர்கிட்டச் சொல்றதுதான?"

"சொன்னவளத்தான் மறுநா எழுதிக் குடுக்கச் சொன்னாவ."

ஐயோ, பேரைச் சொல்லிட்டனா? அந்தப் பொண்ணு பேரை உங்ககிட்டச் சொல்லிட்டனுங்களா? மறந்துருங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல, எங்க வூட்டுக்காரருகிட்டக் கூடச் சொல்லல. என் வாயி இப்படித்தானுங்க, பயந்தாக் கொட்டிரும். உங்களுக்கு அந்தக் கம்பெனியில தெரிஞ்சவிய யாரும் இல்லீங்களே? இல்லதான? சரி.

அவ சொன்னதுக்கப்பறம் நானு பேசாம வூட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தா இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன். ஆனா ஒருக்காப் பாத்துரலாம்னு தோணுச்சு. பூட்டாம இருந்துச்சுன்னா நிம்மதியாப் போயிரலாமில்ல. மேல ஏறினேன். ஷிப்டு நடந்துட்டு இருந்துச்சு, மிசினு சத்தத்துல நானு வந்தது யாருக்கும் கேக்கல. மூணாவது மாடியில அயர்ன் டேபிளு வரிசையா, ஆவி புஸ்ஸுபுஸ்ஸுன்னு வருது. அதைத் தாண்டிக் கடைசியில அட்டைப்பெட்டியா அடுக்கி வெச்சிருந்தாங்க, என் உசரத்துக்கு. அதுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போற சந்து. உள்ள போனேன்.

இரும்புக் கதவு. சங்கிலியை ரெண்டு சுத்துச் சுத்தி, என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. எதுக்குத் தொட்டேன்னு தெரியல, தொட்டேன். இழுத்துப் பாத்தேன். அசையல. கதவுக்கடியில வெளிச்சம் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் படி இருக்குது. ஒரு ஜான் தூரந்தான். எனக்குப் பின்னால அத்தனை பெட்டி, அதுக்குப் பின்னால அத்தனை அயர்ன் டேபிளு, நூறு பொண்ணுக. அங்க நிக்கறப்பவே எனக்கு மூச்சு அடைச்சுருச்சு. பொகையெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாத்தான் நிக்கறேன். ஆனா திரும்பிப் போற வழி மறந்து போச்சுங்க. பெட்டியில முட்டிக்கறேன், செவுத்துல முட்டிக்கறேன்.

"மேடம், இங்க என்ன பண்றீங்க?" சந்து வாசல்ல சூப்பர்வைசர்.

"பாத்ரூம் தேடி வந்தனுங்க."

"பாத்ரூம் கீழ இருக்குது."

ஆமாமான்னு சிரிச்சுட்டு எறங்கினேன். கைப்புடிக் கம்பிய விட முடியல. கீழ வந்துதான் பாத்தேன், உள்ளங்கையில கம்பியோட துரு ஒட்டியிருக்குது. அத்தனை இறுக்கமாப் புடிச்சிருக்கேன். அந்தச் சீட்டை அன்னிக்குச் சாயங்காலமே அடுப்புல போட்டுட்டேன்.

அடுத்த சனிக்கெழமை மதிவாணன் சாரு ரூமுக்குக் கூப்பிட்டாரு. டீ வரவழைச்சாரு. பிஸ்கட்டுத் தட்டை எம்பக்கம் தள்ளி வெச்சாரு. "போன வாரம் கிளாசுல ஏதோ கோரசாப் பாடினாங்களாமே மேடம், என்ன வெளையாட்டு அது?" சொன்னேன். "அந்தச் சீட்டு இருக்குதுங்களா?" கிழிச்சுப் போட்டுட்டேன் சார்ன்னேன். "யாரு எழுதினதுன்னு தெரியுங்களா?" பேரு போடாம எழுதற வெளையாட்டுங்க சார்ன்னேன். "மூணாவது மாடிக்குப் போனீங்களாமே?"

இல்லீங்க சார், பாத்ரூம் தேடிப் படியேறினேன், பாதியிலயே எறங்கிட்டேன்னு சொன்னேன். டீயைக் குடிக்காமயே தட்டுல வெச்சுட்டேன். அவரு அதைப் பாக்காத மாதிரிதான் இருந்தாரு. "நல்லதுங்க மேடம். உங்க சாரோட லேபிள் எல்லாருக்கும் திருப்தி. அடுத்த சீசன் ஆர்டருக்கு அவரு பேரைத்தான் சொல்லியிருக்கேன்." அப்பறம் ஒரு தாளை நீட்டினாரு. "இன்னிக்கு எனக்காக ஒரு வெளையாட்டு. இந்த எட்டு வார்த்தைய நீங்க சொல்லுங்க, அவங்க எழுதட்டும். ஆளுக்கொரு பேப்பர், மேல டோக்கன் நம்பர். எவ்வளவு தேறியிருக்காங்கன்னு பாக்கணும்."

ரெம்ப சந்தோசமா வாங்கிட்டு வந்தேங்கக்கா. அக்கறையா இருக்காரேன்னு. கேன்டீனுக்குப் போற வழியில நடந்துட்டே படிச்சேன். தேர்டு. ஃப்ளோர். பேக். டோர். அதுவரைக்கும் கூட எனக்கு ஒறைக்கல. லாக். ஆல்வேஸ். ஃபைவ். நேட்டிவ். அந்த நேட்டிவைப் பாத்ததுந்தான் காலு அப்படியே நின்னு போச்சு. சீட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு வார்த்தைக்கு வார்த்தை அவருக்குத் தெரிஞ்சிருக்குது. நானு மாடிக்குப் போயிருந்தப்ப அந்தச் சூப்பர்வைசரு மேசையில கெடந்த சீட்டைப் போன்ல படம் புடிச்சிருக்கோணும், அப்பறந்தான் எம்பின்னால மேல வந்திருக்கான். இப்ப எழுத்தை ஒத்துப் பாக்கப் போறாங்க. அதை நானே பண்ணித் தரப் போறேன்.

உள்ள போனேன். இருபத்திரெண்டு பேரும் "குட் ஆஃப்டர்நூன் மேடம்"ங்கறாங்க. பின்னால அந்தச் சூப்பர்வைசரு நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். பேப்பர் குடுத்தேன். குடுக்கறப்ப சந்தனமாரி மூஞ்சியப் பாக்க முடியல. என் வூட்டுல ரெண்டு மிசினு ஓடோணும், பாத்துக்கங்க. தலையெழுத்துன்னு வார்த்தையச் சொல்லிட்டுப் போயிரலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். "மேல டோக்கன் நம்பர் எழுதுங்க"ன்னேன். எழுதினாங்க. "தேர்டு"ன்னு சொல்ல வாயெடுத்தேன். தொண்டையில இருந்து வேற என்னமோ வந்துச்சு. "எழுதியாச்சா? இப்ப பேப்பரை வலப்பக்கம் தள்ளுங்க. இன்னிக்கு ஆளுக்கொரு சொல்லு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருக்காத் தள்ளோணும்."

ரெஜினா வெடுக்குன்னு, "மேடம், அப்பறம் நம்பர் ஒருத்தருது, எழுத்து இன்னொருத்தருதா ஆயிருமே?"ங்கறா. எனக்கு உசிரே போயிருச்சுங்க. பின்னால அவன் நிமுந்து பாக்கறான். சந்தனமாரி யாரையும் பாக்காம, "வெளையாட்டுன்னா மாறத்தாம்டி செய்யும், தள்ளு"ன்னா. ரெஜினா அவளப் பாத்தா, என்னயப் பாத்தா. அப்படியே தள்ளிட்டா. நானு சொல்லறேன், எழுதறாங்க, தள்ளறாங்க. பேப்பர் தேய்க்கற சத்தம் மட்டுந்தான் கேக்குது. எட்டு வார்த்தையும் முடிஞ்சப்ப ஒவ்வொரு பேப்பர்லயும் எட்டு கையெழுத்து.

அதை எதோ நானு துணிஞ்சு பண்ணினதா நெனைக்காதீங்கக்கா. பயத்துல வாய் கொளறி அப்படி வந்துருச்சு. அவ்வளவுதான்.

மதிவாணன் சாரு ஒவ்வொரு பேப்பராப் பொரட்டிப் பாத்தாரு. கோவப்படல. "நல்லா வெளையாடறீங்க மேடம்"னாரு. "அடுத்த வாரத்துல இருந்து வர வேண்டாம்."

பத்து நாளு கழிச்சு இந்த ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு ஒரு கடுதாசி வந்திருக்குது. இங்கிலீஷ்ல. மூணாவது மாடி, பின்கதவு, பூட்டு, பொகை, கை முறிஞ்சது, எல்லாம். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு கையெழுத்து. நானு எழுதச் சொல்லலீங்க, எனக்குத் தெரியவே தெரியாது. ஆளுக்கொரு சொல்லு எழுதி, சுத்தி விட்டு, கடைசியில யாரு தபால்ல போட்டாங்களோ. இங்கயிருந்து போயிப் பாத்திருக்காங்க. பாத்தா கதவு தொறந்து கெடக்குது. பூட்டும் இல்ல, சங்கிலியும் இல்ல, ஒரு அட்டைப்பெட்டி கெடையாது. புதுசாப் பச்சைப் பெயிண்ட்டு. பூட்டினதே இல்லன்னுட்டாங்க. பொண்ணுகளக் கேட்டிருக்காங்க. பக்கத்துலயே மதிவாணன் சாரு நின்னுட்டு இருக்கறப்ப யாரு வாயத் தொறப்பா? நானு தப்புச் சொல்ல மாட்டேன். அப்பறம் வெளியாளு யாராச்சும் பாத்திருக்காங்களான்னு தேடி, கிளாசு எடுத்த மேடம்னு எனக்கு நோட்டீசு.

எங்க வூட்டுக்காரரு அதைப் படிச்சுட்டு ரெண்டு நாளா மிசினு முன்னாலயே உக்காந்திருந்தாரு. கிளாசு நின்னதுல இருந்து லேபிள் ஆர்டரும் வரல. இன்னிக்குக் காத்தால ஸ்கூட்டர்ல கொண்டாந்து எறக்கி விட்டாரு. வண்டிய நிறுத்தாமயே சொன்னாரு: "தமயந்தி, பாக்கலன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல ஒண்ணும் பேசாத. கும்பிட்டுக் கேக்கறேன்." கல்யாணமாகி இருபத்தி மூணு வருசத்துல அவரு என்னய எதுக்கும் கும்பிட்டுக் கேட்டதில்லீங்க.

நீங்க என்னக்கா சொல்றீங்க? பாக்கலன்னு சொல்லிரட்டுமா? கதவுதான் இப்பத் தொறந்திருச்சே. மறுபடி பூட்ட மாட்டாங்கதான? இந்த விசாரணையெல்லாம் முடிஞ்சதுக்கப்பறம் பூட்ட மாட்டாங்கன்னு...

கூப்பிட்டாங்களா? என்னயவா? இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்கக்கா. தண்ணி பாட்டில் அதுலதான்... இல்ல, வேண்டாம், இருக்கட்டும். போயிட்டு வந்தர்றேன்.

*

வந்துட்டேங்க. உக்காந்துக்கறேன். அந்தத் தண்ணியக் குடுங்க. நீங்க இன்னும் போகலயா? உங்கள இப்பக் கூப்பிடுவாங்க.

அந்த ஆபீசரு நம்ம பொண்ணு வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டுட்டு. இந்தப் பக்கம் மதிவாணன் சாரையும் வக்கீலையும் உக்கார வெச்சுட்டாங்க, ஒரு கை தூரத்துல. "மூணாவது மாடிப் பின்கதவைப் பாத்தீங்களா?"ன்னு கேட்டாங்க. வாயத் தொறந்தேன். பாக்கலன்னு சொல்லத்தான் தொறந்தேனா, பாத்தேன்னு சொல்லத் தொறந்தேனான்னு இப்பவும் எனக்குத் தெரியல. எதுவுமே வரல. காத்து மட்டுந்தான் வருது. தண்ணி குடுத்தாங்க, குடிச்சேன், அப்பவும் வரல. வக்கீலு சொல்றாரு, "மேடம், இவங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. வேலையை விட்டு எடுத்த வருத்தத்துல இருக்காங்க. அப்படியே பதிவு பண்ணிக்கங்க."

அந்த அம்மா பேனாவ எடுத்துட்டாங்க. எழுதப் போறாங்க, சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு. நானு என்ன பண்ணினேன்னா, மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கைய நீட்டி, அவங்க முன்னால இருந்த வெள்ளைத்தாளை இழுத்தேன். பேனாவையும் கேட்டேன், கையக் காட்டித்தான். குடுத்தாங்க. எழுதினேன். தமிழ்லதான். எந்தத் தேதி, எத்தனை மணி. சங்கிலி ரெண்டு சுத்து. பித்தளைப் பூட்டு, என் உள்ளங்கை அகலம். தொட்டேன், இழுத்தேன், அசையல. என் கையெழுத்து எனக்கே புரியலீங்க, கோழி கெளறின மாதிரி. ஒரு எடத்துல பேப்பரே கிழிஞ்சு போச்சு.

அந்த அம்மா சத்தமாப் படிச்சாங்க. "மதிவாணன் கேட்டப்பப் போகலன்னு சொன்னீங்களாமே, அது ஏன்?"ன்னு கேட்டாங்க. அதையும் எழுதினேன். பயந்துட்டுப் பொய் சொன்னேன்னு. கீழ கையெழுத்துப் போடுங்கன்னாங்க. அதுதானுங்க கஷ்டமாப் போச்சு. மத்ததெல்லாம் எழுதிட்டேன், என் பேர எழுதக் கை வரல. தா-ன்னு நெடில் போட்டுட்டேன். அடிச்சுட்டு மறுபடி எழுதினேன். போட்டாச்சு.

பொகை வந்த அன்னிக்குக் கை முறிஞ்ச பொண்ணோட ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கன்னு வக்கீலக் கேட்டாங்க அந்த அம்மா. அவரு ஃபைலைப் பொரட்டிட்டே இருந்தாரு. அந்தக் கதவுல கொண்டியையே அறுத்து எடுக்கோணும், தள்ளினாத் தொறக்கற மாதிரித் தாழ்ப்பாள் போடோணும், வாரா வாரம் ஆளு வந்து பாப்பாங்கன்னு ஆர்டர் எழுதறாங்க. என் முன்னாலயே எழுதினாங்க. கம்பெனி மேல கேசும் போடறாங்களாம். மதிவாணன் சாரு எந்திரிச்சு வெளிய வந்தப்ப என்னயப் பாக்கல. இப்பச் சிரிக்கலீங்க. அதுவும் பயமாத்தான் இருக்குது.

அது என் போன். பையிலதான் அடிக்குது. எங்க வூட்டுக்காரரு. உள்ள இருந்தப்பவே ஏழு தடவை கூப்பிட்டிருக்காரு பாருங்க.

அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க எடுத்து, அவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்கன்னு சொல்றீங்களா? பத்து நிமிசம் கழிச்சு நானே பேசிக்கறேன். உள்ள ஆபீசருகிட்ட எழுதிக் குடுத்துட்டேன், வக்கீலு முன்னாடி எழுதிக் குடுத்துட்டேன். இந்த மனுசனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. ரெண்டு மிசினையும் சும்மா வெச்சுட்டு, அது முன்னால உக்காந்துட்டுத்தான் கூப்பிடறாரு. எனக்குத் தெரியும்.

நின்னு போச்சு. மறுபடி அடிக்குது பாருங்க.

இல்ல, குடுங்க. வேண்டாங்கக்கா, நீங்க எதுக்குப் பொய் சொல்லோணும். குடுங்க.

அலோ. ஆமாங்க. முடிஞ்சுது. இப்பத்தான் வந்தேன். இல்லீங்க... இல்லீங்க, அப்படிச் சொல்லல. நீங்க அங்கயே இருங்க, பஸ்சு ஏறி வந்தர்றேன். கேக்குதுங்களா? பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டேங்க.